முப்பது சொல் எழுதுகிறான், பத்தி மட்டும் புரியவில்லை

கேள்வி: நான் ஈப்போவில் இருக்கிறேன். என் கணவர் சீனர். அவரும் மகனும் கெண்டனீஸில்தான் பேசிக்கொள்வார்கள். நான் தமிழில் பேசினால் அவனுக்குப் புரியும்; பதில் மலாயிலோ கெண்டனீஸிலோ வரும். ஆறு வருடம் சீனப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 2இல் இருக்கிறான். டியூஷனில் தினமும் 30 ஆங்கிலச் சொற்கள் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதி, பக்கத்தில் சீன அர்த்தத்தையும் எழுதுகிறான். நோட்டு நோட்டாக நிறைகிறது. ஆனால் கருத்துணர்தலில் பாதிக்கு மேல் தப்பு. வேறு நல்ல சொற்புத்தகம் வாங்கலாமா? வீட்டில் சீனம் பேசுவதைக் குறைக்கச் சொல்லலாமா? கைப்பேசி மொழிபெயர்ப்பை நிறுத்திவிடலாமா? என் ஆங்கிலமும் சுமார்தான். அவனுடைய பயிற்சித் தாள்களைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச் சொற்புத்தகம் வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் பேசுகிற மொழியில் கை வைக்காதீர்கள். கைப்பேசியைப் பிடுங்க வேண்டியதில்லை. எப்போது தொடலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும். உங்கள் ஆங்கிலம் சுமார் என்பது இந்த விஷயத்தில் ஒரு குறையே இல்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

தாள்களை நிதானமாகப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வரியிலும் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் சீன எழுத்து. சுத்தமான கையெழுத்து, பையன் உழைக்கிறான் என்பது தெரிகிறது. சிக்கலும் அங்கேதான். இப்படி மேலே எழுதிவிட்டால், அடுத்த தடவை படிக்கும்போது கண் ஆங்கிலத்தில் நிற்காது, சீன எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு ஓடிவிடும். ஆங்கில வாக்கியத்தின் வரிசையில் சீனச் சொற்களைக் கோத்துப் படித்தால், கிடைப்பது சீனமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மீதியை அவனே ஊகித்து நிரப்பிக்கொள்கிறான்.

தப்பான விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், சொல் தெரியாமல் போனவை கொஞ்சம்தான். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

கேமரன் மலைச் சாலையில் பனிமூட்டத்தில் ஒருவர் வண்டி ஓட்டுகிறார். 'ஹி குட் ஹார்ட்லி சீ த ரோட்' என்று ஒரு வரி. சாலை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றே சொல்லலாம், அவ்வளவு பனி. தம்பி எழுதியிருப்பது: ஓட்டுநர் சாலையைப் பார்க்கக் கடுமையாக முயன்றார். 'ஹார்ட்' என்றால் கடினம், கடும் முயற்சி என்று அவன் நோட்டில் இருக்கும். 'லி' ஒட்டியதும் அர்த்தம் வேறு பக்கம் திரும்பிவிடுவது இருக்காது.

இரண்டாவது, 'இஃப் ஹி ஹேட் லெஃப்ட் எர்லியர், ஹி வுட் ஹேவ் காட் த பஸ்'. பஸ்ஸைப் பிடித்தானா என்பது கேள்வி. பிடிக்கவில்லை என்பதுதான் விடை, இவன் பிடித்தான் என்கிறான். இந்த வாக்கியத்தில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இருந்திருக்காது.

மூன்றாவது, 'த மேன் ஹூ சோல்ட் த பாய் த பைசிக்கிள் வாஸ் ஆங்ரி'. யாருக்குக் கோபம்? விற்ற ஆளுக்கு. இவன் சைக்கிள் வாங்கிய பையனுக்கு என்று எழுதியிருக்கிறான். சைக்கிள் கோபப்படாது, ஆகவே அதற்குப் பக்கத்தில் இருந்த ஆளைப் பிடித்துக்கொண்டான்.

தினம் முப்பதை அறுபதாக்கினாலும் இந்த மூன்று மதிப்பெண்ணும் வரப்போவதில்லை. அவனுக்குச் சொல் கைக்கு வந்துவிட்டது, வாக்கியம் இன்னும் வரவில்லை.

பத்துத் தடவை எழுதும் பழக்கத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். சீனப்பள்ளியில் 'திங்சியே' என்று சொல்வதெழுதுதல் விடாமல் நடக்கும். ஒரு சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து என்பது கை பழகினால்தான் மனதில் தங்கும். அங்கே எழுதி எழுதிப் படிப்பதுதான் வழி. அந்த வழியில் ஆறு வருடம் வென்ற பிள்ளை ஆங்கிலத்துக்கும் அதையே எடுத்து வருவது இயற்கை. ஆனால் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி, ஒலியைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். படமாகப் பார்த்து எழுதினால் 'குவைட்' (quite), 'குவையட்' (quiet) இரண்டும் ஒன்றாகத் தெரியும். 'தோ' (though), 'த்ரூ' (through), 'தாட்' (thought) மூன்றும் குழம்பும். அவன் தாளில் இந்தக் குழப்பமும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மூன்று மொழி புழங்குவதைப் பாரமாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. சீனமொழி மட்டும் தெரிந்த ஒரு பிள்ளை ஆங்கிலம் படிக்கும்போது எங்கெங்கே தடுக்கி விழுமோ, அங்கே பிடித்துக்கொள்ள உங்கள் மகனிடம் மலாயும் தமிழும் இருக்கின்றன.

அந்த பஸ் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சீனமொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்று, நாளை என்று ஒரு சொல் சேர்ப்பார்கள், வேலை முடிந்தது என்று காட்ட 'லெ' போடுவார்கள், வினை அப்படியே நிற்கும். நடக்காமல் போன ஒன்றைச் சொல்லவும் தனி வினை வடிவம் கிடையாது; பேச்சின் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். மலாயும் இதே மாதிரிதான்: முடிந்ததற்கு 'சுடா', இனி நடக்கப்போவதற்கு 'அக்கான்' என்று முன்னால் ஒரு சொல், வினை மாறாது. ஆக, வினையின் வாலைப் பார்க்கும் பழக்கம் அவன் கண்ணுக்கு இந்த இரண்டு மொழியிலும் வந்திருக்காது. தமிழில் வரும். 'சீக்கிரம் கிளம்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பான்' என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். பஸ் போய்விட்டது என்று அவனுக்கு உடனே விளங்கும். ஆங்கிலத்தின் 'வுட் ஹேவ்' செய்கிற வேலை அதுதான் என்று அப்போதே காட்டிவிடலாம். இலக்கணப் பெயர் எதுவும் தேவையில்லை.

'ஹி', 'ஷி' குழப்பமும் இதில் சேரும். சீனப்பள்ளியில் சொல்லித்தரும் மாண்டரினில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உச்சரிப்பு 'தா'தான், எழுத்தில் மட்டும் வேறுபாடு. கெண்டனீஸில் இருவருக்கும் 'கூய்'. மலாயில் 'டியா'. ஒரு பத்தியில் அக்காவும் தம்பியும் வந்தால், எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதை அவன் கவனிக்காமல் தாண்டிவிடுகிறான். 'அவனா, அவளா?' என்று நீங்கள் தமிழில் கேட்டால் போதும், திரும்பிப் போய்ப் பார்ப்பான்.

சைக்கிள் வாக்கியத்தில் தமிழ் உதவாது, அதைச் சொல்லிவிட வேண்டும். 'பையனுக்குச் சைக்கிள் விற்ற ஆள்' என்று நாம் விளக்கத்தை முன்னால் வைத்து ஆளைப் பின்னால் சொல்கிறோம். சீனத்திலும் இதே வரிசைதான், நடுவில் 'த' என்று ஒரு இணைப்பு வரும். ஆங்கிலம் ஆளை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், அதற்கும் பிறகுதான் முக்கிய வினை வரும். ஆனால் மலாய் ஆங்கிலத்தோடு நிற்கிறது: 'புக்கு யாங் சாயா பெலி', நான் வாங்கிய புத்தகம். இந்த 'யாங்' அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலப் பத்தியில் 'ஹூ', 'விச்', 'தட்' ஒரு பெயர்ச்சொல்லை ஒட்டி வந்தால் அதை 'யாங்' என்று மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். எங்கே அந்த 'யாங்' பகுதி முடிகிறதோ அதுவரை பென்சிலால் ஓர் அடைப்புக்குறி. அடைப்புக்குறியை மூடிவிட்டு மிச்சத்தைப் படித்தால் 'த மேன் வாஸ் ஆங்ரி' என்று நிற்கும். நீண்ட வாக்கியங்களில் பாதிச் சிக்கல் இதனாலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு இடம், 'ஆல்தோ'. சீனத்தில் 'சுய்ரான்' என்று ஆரம்பித்தால் பின்னால் 'தான்ஷி' வரும். இருந்தாலும், ஆனால் என்று இரண்டும் ஜோடியாக வருகிற மாதிரி. ஆங்கிலத்தில் ஒன்றுதான் வரும். 'பட்' வரும் என்று காத்திருக்கும் கண், அது வராததால் திருப்பத்தையே கவனிக்காமல் போகிறது. 'ஆல்தோ'வில் வாக்கியம் தொடங்கினால் காற்புள்ளியில் ஒரு சாய்கோடு போடட்டும். எழுதியவர் அழுத்திச் சொல்ல வந்தது பெரும்பாலும் கோட்டுக்குப் பின்னால் இருக்கும்.

சரி, சீனம் எதற்கும் உதவாதா? உதவும், சொல்வளத்துக்கு. சீனச் சொற்கள் துண்டு துண்டாகச் சேர்ந்து உருவாகிறவை. ரயிலுக்கு 'நெருப்பு' எழுத்தும் 'வண்டி' எழுத்தும். கணினிக்கு 'மின்' எழுத்தும் 'மூளை' எழுத்தும். ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி அவனுக்கு ஏழு வயதிலிருந்தே இருக்கிறது, ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சீனத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ஹுவா' (ஆக்குதல்) என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் 'மாடர்னைஸ்' என்பதில் உள்ள 'ஐஸ்' செய்கிறது. அறிவியல் பாடப் பெயர்களில் 'இயல்' என்ற பொருளில் வரும் 'ஷுவே'யின் இடத்தில் ஆங்கிலத்தில் 'லஜி'. மலாயிலிருந்தும் ஒரு கூடை நிறையச் சொல் வரும்: 'இன்ஃபொர்மாசி', 'ஜெனெராசி', 'ஒர்கனிசாசி' என்று 'சி'யில் முடிகிறவை ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும்; 'குவாலிட்டி', 'அக்டிவிட்டி' அப்படியே ஆங்கிலம்தான், எழுத்துக்கூட்டலில் மட்டும் சின்ன மாற்றம். இப்படிப் பொருத்திப் பார்க்கும் விளையாட்டில் பையன்களுக்குச் சீக்கிரம் ருசி ஏறிவிடும். (பெரிய எண்களில் மட்டும் கவனம். சீனத்தில் பத்தாயிரம் ஒரு 'வான்', பிறகு அதை வைத்தே எண்ணுவார்கள். ஒரு மில்லியன் என்பது நூறு 'வான்'. நாம் லட்சத்திலிருந்து மில்லியனுக்கு மாறும்போது தடுமாறுவதுபோல அவனும் ஒரு சுழியை விட்டுவிடலாம்.)

சொல் நோட்டை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். நாளுக்கு ஐந்து சொல், அதுவும் அன்று படித்த பத்தியிலிருந்து மட்டும். சொல்லோடு அது வந்த வாக்கியத்தையும் முழுதாக எழுத வேண்டும். அதோடு கூட வரும் சொல் எது என்றும் பார்க்க வேண்டும். சீனத்தில் மழை 'பெரியது', காற்றும் 'பெரியது'. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. தனித்தனியாக மனப்பாடம் செய்த பிள்ளை 'பிக் ரெயின்' என்றுதான் எழுதும், அதில் அதன் தப்பு எதுவும் இல்லை. மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, அர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். பார்த்துப் பத்துத் தடவை எழுதுவதைவிட, பார்க்காமல் ஒரு தடவை நினைவுக்குக் கொண்டுவருவது மேல்.

சீன அர்த்தம் எழுதலாமா? பொருளின் பெயர் என்றால் தாராளமாக. நீர்நாய், செங்கல் சூளை மாதிரிச் சொற்களுக்கு ஆங்கில விளக்கம் படித்துக் கஷ்டப்படுவது வீண். வினைச்சொல், 'ஹார்ட்லி', 'அன்லெஸ்' போன்றவற்றுக்கு வேண்டாம். அவற்றுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதியைப் பார்க்கட்டும். லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே எல்லாவற்றையும் விளக்கும்; இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. சீன அர்த்தம் எங்கே எழுதினாலும் சொல்லின் தலைக்கு மேல் எழுதக்கூடாது, தாளின் பின்பக்கத்தில்தான். கைப்பேசிக்கும் இதே சட்டம்: பத்தியை ஒரு தடவை முழுதாகப் படித்து, தெரியாத சொல்லுக்கு ஓர் ஊகத்தைப் பென்சிலால் குறித்த பிறகு திறக்கலாம். கேமராவைப் பத்தியின் மேல் பிடித்து மொத்தமாகச் சீனமாக்குவது மட்டும் அறவே கூடாது.

தினமும் இருபது நிமிடம் போதும். நூற்றைம்பது சொல் அளவுள்ள பத்தி ஒன்று. முதல் வாசிப்பில் பென்சிலே கையில் இருக்கக்கூடாது. பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததை அப்பாவிடம் கெண்டனீஸில் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் வீட்டுச் சீனத்தைக் குறைக்காதீர்கள் என்றேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பத்தியில் இருந்த வரிகளை ஒப்பிப்பான், புரிந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கெண்டனீஸில் சொல்லும்போது புரியாத இடத்தில் கதை தானாக மொட்டையாகும். அப்பா 'அப்புறம் ஏன் அப்படிச் செய்தான்?' என்று ஒரு கேள்வி கேட்டால், அங்கே விழிப்பான். அந்த வரியை மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்து அடைப்புக்குறி, சாய்கோடு வேலையைச் செய்யட்டும். உங்கள் பங்கு தமிழில் இரண்டு கேள்வி: நடந்ததா நடக்கவில்லையா, அவனா அவளா. ஆங்கிலம் சுமாராக இருப்பது குறையில்லை என்று சொன்னது இதனால்தான்.

எந்தப் பத்தி என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் இந்தத் துறையில் பெரிய பெயர். உதவி இல்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் உடனாய்வாளரும் கண்டது. நூறு சொல்லில் இரண்டுதான் புதிது. பயிற்சிக்கு நான் ஐந்துவரை விடுவேன். அதற்கு மேல் போனால் அந்தப் பத்தி இப்போது வேண்டாம். மகன் தாளில் நூற்றுக்கு முப்பது சொல்லுக்கு மேல் பென்சில் குறி இருக்கிறது. அதில் பாதி பயத்தில் போட்டது என்று வைத்துக்கொண்டாலும், தாள் அவனுக்குக் கடினம். படிவம் 2 என்பதற்காகப் படிவம் 2 தாளோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆறு மாதம் கீழே இறங்கி வரட்டும். பொழுதுபோக்குக்குக் காற்பந்துச் செய்தியோ, ஆங்கிலத்தில் வந்த சித்திரக்கதையோ, அவன் ஏற்கெனவே சீனத்தில் படித்த கதையின் ஆங்கில வடிவமோ எதுவும் சரிதான்.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு பற்றிக் கவலைப்பட்டிருப்பீர்கள். 2021 முதல் ஆங்கிலத் தேர்வு மாறிவிட்டது. வாசிப்புத் தாள் ஒன்றரை மணி நேரம், ஐந்து பகுதி, 40 கேள்வி. பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். டியூஷனில் தருவது சொந்த வாக்கியத்தில் விடை எழுதும் பழைய பாணி. பயிற்சிக்கு அது நல்லதுதான், ஆனால் அவன் அங்கே செய்வது வேறு: கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறான். தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. தப்பான விடைகளில் பத்தியின் சொற்களையே வேண்டுமென்று போட்டு வைப்பார்கள். சரியான விடை அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும். அதனால் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தால், மற்றவை ஏன் இல்லை என்று அவனைச் சொல்ல வையுங்கள்.

நாலாவது பகுதியில் ஒரு பத்தியிலிருந்து ஆறு வாக்கியத்தை எடுத்துவிட்டு, எட்டு வாக்கியம் கொடுத்துப் பொருத்தச் சொல்வார்கள். 'ஹி', 'திஸ்', 'ஹவெவர்' யாரை, எதைச் சுட்டுகின்றன என்று பார்க்கத் தெரியாதவன் அங்கே காலி. இதற்கு வீட்டிலேயே ஒரு வழி: தி ஸ்டார் நாளிதழில் சின்னச் செய்தி ஒன்றைக் கத்தரித்து, வாக்கியம் வாக்கியமாக வெட்டி, கலைத்துக் கொடுங்கள். அடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று போதும்.

கடைசியாக, டியூஷன். கூட்டாளிகளோடு போக அவனுக்குப் பிடித்திருந்தால் நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். தப்பான விடையை அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொடுப்பதோடு சரியா, இல்லை ஏன் தப்பு என்று பத்தியிலிருந்து காட்டுகிறார்களா என்று கேளுங்கள். காட்டுவதாக இருந்தால், 30 சொல்லை மட்டும் இவனுக்குத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவனுடைய தப்பான விடைகளில் இரண்டையாவது உட்கார்ந்து பேசட்டும். வெறும் விடைத்தாள்தான் என்றால் இந்த மாதக் கட்டணத்தோடு நிறுத்திவிட்டு, வீட்டில் மேலே சொன்னதை ஒரு பள்ளித் தவணை முழுக்கச் செய்து பாருங்கள். தவணை முடிவில் இதே தாள்களைச் சீனக் குறிப்பு இல்லாத புதுப்படியில் கொடுத்து எழுத வையுங்கள். அப்போதும் பஸ்ஸைப் பிடித்தான் என்றே எழுதினால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.